ரெண்டு டாலர் பன்: நியூயார்க் சைனாடவுன்ல ஒரு வாரம்

நாள் 1, ஞாயிறு

திருவனந்தபுரத்துல ஏறி தோஹாவுல மாறி நியூயார்க் வந்து சேந்தாச்சு. ஆபீஸ் வேலையா ஒரு வாரம். ரூம் போட்டது பவரி ரோட்டுல, பக்கத்துலயே கனால் ஸ்ட்ரீட், அதாவது மன்ஹாட்டன் சைனாடவுனோட வாசல்ல. கம்பெனிக்காரன் இங்க போட்டதுக்கு காரணம் ரூம் வாடகை கம்மிங்கிறதுதான், நான் அத புகார் சொல்லப் போறதில்ல.

சாயந்திரம் தூக்கக் கலக்கத்துல பக்கத்துல இருந்த ஒரு ஸ்டைலான காபிக்கடைக்குள்ள போனேன், ஒரு காபி ஒரு குரோசான். இந்த ஊர்ல சேல்ஸ் டாக்ஸ் 8.875 சதவீதம், பில்லுல அது ஏறுச்சு, சரின்னு கார்ட நீட்டினா அந்தப் பையன் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி வச்சான் பாருங்க, டிப்ஸ் 18, 20, 25ன்னு மூணு பட்டன், பின்னாடி லைன்ல நாலு பேரு, வெக்கத்துல 20ஐ அமுக்கிட்டேன். மொத்தம் 14 டாலர் பக்கம் வந்துது. 1200 ரூபாய் கிட்ட. நாகர்கோவில் பக்கம் எங்க அப்பா பேக்கரி வச்சிருக்கார், டீயும் உண்டு. அங்க 1200 ரூபாய்க்கு ஒரு தெருவுக்கே டீயும் பப்ஸும் குடுக்கலாம். அப்பாட்ட இத சொல்லல.

நாள் 2, திங்கள்

காலைல நாலரைக்கே முழிப்பு. ஆறு மணி வரைக்கும் சீலிங்க பாத்துட்டு இருந்துட்டு கீழ இறங்கிட்டேன். மீன் கடைக்காரங்க ஐஸ் கொட்டிட்டு இருக்காங்க, அட்டைப்பெட்டி வண்டி வண்டியா போகுது, எல்லா போர்டும் சைனீஸ்ல, சூரியன் இன்னும் வரல. ஒரு சந்துல ஒரு கடை கண்ணாடி மட்டும் ஆவி படிஞ்சு மஞ்சளா தெரிஞ்சுது. அந்த வாசனை எனக்குத் தெரியும். முட்டை தடவி வேகுற பன்னு வாசனை, எங்க போர்மா பக்கத்துல நின்னா வர்ற அதே வாசனை (எங்க ஊர்ல பேக்கரி விறகு அடுப்ப போர்மான்னுதான் சொல்லுவோம்). கால் தானா உள்ள போயிடுச்சு.

உள்ள போயி நம்மூர் பழக்கத்துல கவுண்டர்ட்ட நின்னு யாராவது என்ன வேணும்னு கேப்பாங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல. பாட்டிங்க ஒவ்வொருத்தரா என்ன சுத்திட்டு போறாங்க. அப்புறந்தான் கவனிச்சேன், வாசல்லயே பிளாஸ்டிக் ட்ரே அடுக்கும் இடுக்கியும் இருக்கு, நாமளே எடுத்துட்டு கண்ணாடிக் கதவத் திறந்து பன்ன பிடிச்சு ட்ரேல வச்சு கவுண்டருக்கு கொண்டு போகணும். எல்லா கடையும் இப்படி இல்ல, சில கடைல நாம கைகாட்ட அவங்க எடுத்து பைல போடுவாங்க. இது ட்ரே கடை.

சா சியூ பன் ஒண்ணு, அதாவது இனிப்பா வாட்டின பன்றிக்கறி உள்ள வச்சது. எக் டார்ட் ஒண்ணு. கவுண்டர்ல அம்பது வயசு இருக்கும் ஒரு அக்கா, மூஞ்சில சிரிப்பெல்லாம் கிடையாது, என் ட்ரேய பாத்த அரை செகண்ட்ல கணக்கு போட்டு காபிக்கும் சேத்து ஆறு டாலருக்கும் கம்மியா ஒரு தொகைய சொன்னாங்க. நான் கார்ட நீட்டினேன். அவங்க விரலால கல்லா மேல ஒட்டியிருந்த பேப்பர தட்டினாங்க. கேஷ் ஒன்லி. என்ட்ட இருந்ததோ ஏர்போர்ட்ல மாத்தின ஒரே ஒரு நூறு டாலர் நோட்டு. அத நீட்டினப்ப அந்த அக்கா பாத்த பார்வை இருக்கே, காலைல முதல் ஆளா வந்து டீக்கு 500 ரூபா நீட்டுறவன எங்க அப்பா பாப்பாரே, அச்சு அசல் அதே பார்வை! நேர எதிர்க்கடைல ஒரு ஏடிஎம்முக்கு ஓடினேன், அது பணம் குடுக்க மூணரை டாலர் கட்டணம் பிடிச்சுது. பன்னு விலைய விட பணம் எடுக்குற விலை ஜாஸ்தி. திரும்பி வந்தா என் பைய ஓரமா எடுத்து வச்சிருந்தாங்க, காபிக்கு மூடி போட்டு. டிப்ஸ் ஸ்க்ரீன் கிடையாது.

எக் டார்ட்ட பத்தி தனியா சொல்லணும். உள்ளங்கைல அடங்குற ஒரு சின்னக் கிண்ணம், ஓரம் தொட்டா உதிருது, நடுவுல மஞ்சளா முட்டைப்பால் கெட்டி, சூடா இருக்குறப்ப தளும்புது. இனிப்பு கம்மி, கம்மின்னா நம்ம நாக்குக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கேக்குற அளவுக்கு கம்மி. ரெண்டாவது கடில அதுதான் சரின்னு தோணுது. இங்கிலாந்துக்காரன் கஸ்டர்ட் டார்ட் தெற்கு சீனாவுக்கு போய், ஹாங்காங் டீக்கடைங்கள்ல சின்னதாகி, அங்கேருந்து குடியேறினவங்களோட இங்க வந்துருக்கு. மேல கருகின புள்ளியோட ஒண்ணு இருக்கும் பாருங்க, அது மக்காவ் (ஹாங்காங் பக்கத்துல முன்ன போர்த்துகீசியங்க கைல இருந்த ஊரு) வழி வந்த போர்த்துகீசிய சொந்தக்காரன், 1989ல மக்காவ்ல ஒரு இங்கிலீஷ்காரர் ஆரம்பிச்ச கடைலேருந்து பரவினது. எனக்கு மஞ்சளா வழுவழுன்னு இருக்குறதுதான் பிடிச்சுது.

நாள் 3, செவ்வாய்

இன்னைக்கு சில்லறையோட போனேன். ஒரு டாலர் நோட்டா இருபது.

இன்னைக்கு எடுத்தது பைனாப்பிள் பன், கான்டனீஸ்ல, அதாவது ஹாங்காங்காரங்க பேசுற சீன மொழில, போலோ பாவ். பேருலதான் அன்னாசி, உள்ள ஒரு துண்டு அன்னாசி கிடையாது, மேல போடுற சர்க்கரை பிஸ்கட் மாவு வெந்து வெடிச்சு அன்னாசித் தோல் மாதிரி கட்டம் கட்டமா தெரியுது அவ்வளவுதான். 2014ல ஹாங்காங் அரசாங்கம் தங்களோட மரபுக் கலைகள்னு ஒரு பட்டியல் போட்டப்ப இந்த பன்னு செய்யுற முறையும் எக் டார்ட் செய்யுற முறையும் அதுல இருந்துச்சு. நம்மூர்ல பப்ஸுக்கு யாராவது இப்படி ஒரு மரியாதை செஞ்சா அப்பா சந்தோஷப்படுவார்.

பன்னு மெத்து மெத்துன்னு இருக்கு, அமுக்கினா திரும்ப எழும்புது, நேத்து மிச்சம் வச்சத இன்னைக்கு காலைல எடுத்தாலும் அப்படியே இருக்கு. இது எனக்கு உறுத்திட்டே இருந்துது, ஏன்னா எங்க கடை பன்னு மறுநாள் மதியம் கல்லு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், இங்க காலை ஏழு, அங்க சாயந்திரம் நாலரை, பப்ஸ் போற நேரம், கடிச்சுக்கிட்டேதான் எடுத்தார்.

"என்ன மக்களே, சாப்ட்டியா?"

பன்ன கேமராட்ட காட்டி பிச்சு காமிச்சேன், நூல் நூலா வந்துச்சு. அவர் கண்ணாடிய போட்டுட்டு பாத்தார். "பால்பொடி போட்ருக்கான். வேற என்னமோ போட்ருக்கான்." அப்புறம் நான் தேடிப் படிச்சத சொன்னேன், மாவுல ஒரு சின்ன பங்க தனியா எடுத்து அஞ்சு மடங்கு தண்ணி ஊத்தி 65 டிகிரி வரைக்கும் கிண்டி கூழாக்கி, ஆறினப்புறம் மிச்ச மாவோட சேத்து பிசையணுமாம், டாங்ஜோங்னு பேரு, வெந்த மாவு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், அதனால பன்னு காயாதுன்னு.

அப்பா ரெண்டு செகண்ட் பேசல. அப்புறம், "லேய், இது கப்பி காய்ச்சுறதுல்லா?"

ஆமா! ஆப்பத்துக்கு அம்மா கொஞ்சம் அரிசி மாவ எடுத்து தண்ணில காய்ச்சி கூழாக்கி மிச்ச மாவுல ஊத்துவாங்களே, அதேதான். பதினஞ்சு வருசமா ஆப்பம் தின்னவன் எனக்குத் தோணல, மனுசன் ஃபோன்லயே பிடிச்சுட்டார். "கோதம்பு மாவுல செஞ்சு பாக்கணும்"னு சொல்லிட்டு கஸ்டமர் வந்துட்டாருன்னு கட் பண்ணிட்டார்.

பால் டீயும் குடிச்சேன். ஹாங்காங் ஸ்டைல் பால் டீக்கு அடிப்படை சிலோன் தேயிலைதான், பல தரம் தூள கலந்து நீளமான துணிப்பைல கொதிக்கக் கொதிக்க வடிச்சு, எவாப்பரேட்டட் மில்க், அதாவது தண்ணி வத்தக் காய்ச்சின டின் பால் ஊத்துவாங்க. துணிப்பை டீ சாயம் ஏறி ஏறி பழுப்பாகி பொம்பளைங்க கால்ல போடுற சாக்ஸ் மாதிரி ஆயிடுறதால அதுக்கு சில்க் ஸ்டாக்கிங் டீன்னே பேரு. நம்ம டீக்கடை வடிகட்டித் துணி ஞாபகம் வருதா. இலங்கை மலைல நம்ம ஜனங்க கொழுந்து பறிச்சு, ஹாங்காங்ல துணில வடிஞ்சு, இங்க பேப்பர் கப்புல என் கைல. எவ்வளவு தூரம்.

நாள் 4, புதன்

மீட்டிங், மீட்டிங், மீட்டிங். ஆபீஸ்லயே சான்ட்விச் குடுத்தான். ஜில்லுன்னு இருந்துது. இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

நாள் 5, வியாழன்

எங்க டீம்ல கும்பகோணத்துக்காரர் ஒருத்தர், சுத்த சைவம், முட்டை மட்டும் கேக்குல இருந்தா கண்டுக்க மாட்டார். மூணு நாளா வாழைப்பழமும் சிப்ஸும்தான். "எனக்கு ஏதாவது தேறுமா பாருங்க சார்"னு கூட வந்தார். இது கொஞ்சம் வம்பான வேலை, சைவக்காரங்க கவனிச்சு படிங்க. பன்னுல கறி இல்லன்னா சைவம்னு முடிவு பண்ணிடக் கூடாது, எக் டார்ட் ஓரமும் வைஃப் கேக்னு சொல்ற பூசணி பாகு வச்ச தட்டை மாதிரி பலகாரமும் பழைய முறைப்படி செஞ்சா பன்றிக் கொழுப்புலதான் அந்த மொறுமொறுப்பு வரும். இப்ப பல கடைல வெண்ணெயோ டால்டா மாதிரி எதோ போடுறாங்க, ஆனா கேக்காம வாங்காதீங்க. நம்மாளு முக்கோணமா மடிச்ச ஒண்ண பாத்து "ஆஹா வெஜ் பப்ஸ்"னு இடுக்கிய நீட்டிட்டார், நல்லவேளை நான் சீட்ட படிச்சேன், கறி மசாலா போட்ட பீஃப். நம்ம மசாலா வெள்ளைக்காரனோட ஹாங்காங் போயி பீஃபோட கல்யாணம் பண்ணிட்டு பப்ஸா வந்து நிக்குது.

கடைசில அவருக்குத் தேறினது காக்டெய்ல் பன். உள்ள தேங்காய்த் துருவல், சர்க்கரை, வெண்ணெய். ஒரு கடி கடிச்சுட்டு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். தேங்காய் பன்னு! நம்ம தேங்காய் பன்னு, டூட்டி ஃப்ரூட்டி மட்டும் இல்ல. இதுக்கு கான்டனீஸ்ல காய் மேய் பாவ்னு பேரு, காய் மேய்னா கோழிவால், காக்டெய்ல்ங்கிற வார்த்தைய அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்தி வச்சிருக்காங்க. 1950கள்ல ஹாங்காங்ல ஒரு பேக்கரில, விக்காம மிஞ்சின பன்ன தூக்கிப் போட மனசில்லாம அரைச்சு தேங்காயும் சர்க்கரையும் சேத்து புது பன்னுக்குள்ள வச்சு சுட்டதுல ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. எதையும் வீசாத பேக்கரிக்காரன் புத்தி உலகம் முழுக்க ஒண்ணுதான், எங்க வீட்ல மிஞ்சினதெல்லாம் ரஸ்க் ஆயிடும்.

பைய எடுத்துட்டு கொலம்பஸ் பார்க் போயி உக்காந்தோம். வயசானவங்க கும்பல் கும்பலா சீட்டு, சைனீஸ் செஸ், சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறவங்க விளையாடுறவங்கள விட சத்தமா யோசனை சொல்றாங்க, ஒருத்தர் ரெண்டு கம்பி வச்ச வயலின் மாதிரி ஒண்ண இழைச்சுட்டு இருந்தார், சீனாவுல மன்னராட்சி போயி குடியரசு வரக் காரணமான தலைவர் சன் யாட்-சென் சிலை ஒண்ணு நிக்குது. பாதிப் பேர் கைல அதே மாதிரி பேக்கரி பை.

இவங்க எப்படி இந்த விலைக்கு விக்குறாங்கங்கிறதுதான் எனக்கு முதல் நாள்லேருந்து கேள்வி. ட்ரே முறைனால எடுத்துக் குடுக்க ஆள் வேண்டாம், கடைக்குள்ள நாலு மேசைக்கு மேல கிடையாது, விக்கிறது எண்ணிக்கைல, கார்ட் கமிஷன் இல்ல, இதெல்லாம் நான் கண்ணால பாத்தது. ஆனா முக்கியமானது வாங்குறவங்க யாருங்கிறது. 1882ல சீனத் தொழிலாளிங்க உள்ளயே வரக்கூடாதுன்னு அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு, அத எடுத்தது 1943லதான், அதுக்கப்புறமும் வருசத்துக்கு 105 பேருதான்னு கணக்கு. 1965ல சட்டம் மாறினப்புறம்தான் குடும்பம் குடும்பமா வந்தாங்க, ஆம்பளைங்க ஹோட்டல் கிச்சனுக்கும் பொம்பளைங்க தையல் கம்பெனிக்கும் போனாங்க. 1982 ஜூன்ல இதே பார்க்லதான் தையல் தொழிலாளிங்க கூலி ஒப்பந்தத்துக்காக திரண்டாங்க, ஸ்ட்ரைக்ல இறங்கினது கிட்டத்தட்ட 20,000 பேர், பெரும்பாலும் பெண்கள். திருப்பூர்ல பனியன் கம்பெனி ஷிப்ட் விடுறப்ப டீக்கடைல பன்னு பறக்குமே, அந்த மாதிரி ஜனத்துக்குத்தான் இந்த பன்னு. கைல பிடிச்சுட்டு நடந்துக்கிட்டே தின்னணும், வயிறு நிக்கணும், பர்ஸ் தாங்கணும். தையல் கம்பெனிங்க அநேகமா போயாச்சு. அன்னைக்கு மெஷின் மிதிச்சவங்க வயசுக்காரங்கதான் இப்ப காலைல ஒரு காபி ஒரு பன்ன வச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்காங்க, அந்த அக்கா யாரையும் எழுப்புறதில்ல. விலைய ஏத்தினா இவங்க வரமாட்டாங்க, ஏத்தலன்னா வாடகை கட்ட முடியாது. எங்க அப்பா பப்ஸுக்கு ரெண்டு ரூபா ஏத்த மூணு மாசம் யோசிச்சது எனக்குத் தெரியும்.

வர்ற வழில டாயர்ஸ் ஸ்ட்ரீட் வளைவுல நாம் வா டீ பார்லர். 1920ல பேக்கரியாவும் டீக்கடையாவும் ஆரம்பிச்சது, இப்ப டிம்சம் (டீயோட திங்குற சின்னச் சின்ன சைனீஸ் பலகாரம்) கடை, வாசல்ல டூரிஸ்ட் கூட்டம். நாங்களும் போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம்.

நாள் 7, சனி

லீவு. பேயார்ட் ஸ்ட்ரீட்ல மேய் லாய் வா போயிப் பாத்தேன், சைனாடவுன் பன்றிக்கறி பன்னுன்னா எல்லாரும் கை காட்டுற கடை, வரிசை முக்கு வரைக்கும் இருந்துது, நின்னேன். பைனாப்பிள் பன்னுக்குள்ள அந்த இனிப்புக் கறி. மேல சர்க்கரை நொறுங்குது உள்ள கொழுப்பு வழியுது, வரிசைல நின்ன கோவம் போயிடுச்சு. பேராசைல ஒண்ண பார்சலும் வாங்கி பேக்ல போட்டேன், வினையே அங்கதான்.

கும்பகோணத்துக்காரருக்கு பிள்ளையார் கோயில் போகணும்னு ஆசை. கிராண்ட் சென்ட்ரல்ல 7ஆம் நம்பர் ரயில், முக்கால் மணி நேரத்துல ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட், கடைசி ஸ்டேஷன். இறங்கினா மன்ஹாட்டன் சைனாடவுன விட பெரிய சைனாடவுன், நடக்க இடமில்ல. பேக்கரிங்களும் வேற மாதிரி, லைட்டு பளபளன்னு, கார்ட் வாங்குறாங்க, தைவான் பாணி ஐட்டம் நிறைய, மேல பஞ்சு மாதிரி உலர்ந்த கறித்துருவல் போட்ட பன்னு, சேப்பங்கிழங்கு வச்ச ஊதா கலர் பன்னு. நல்லாதான் இருக்கு, விலை ஒரு படி மேல. என் மனசு சந்துக் கடைலயே நின்னுடுச்சு.

அங்கேருந்து இருபது நிமிசம் நடந்தா பவுன் ஸ்ட்ரீட்ல கோயில், 1977ல கும்பாபிஷேகம் ஆனது. கோபுரத்த பாத்ததும் கை கூப்பினேன், அப்பத்தான் ஞாபகம் வந்துது, முதுகுல பேக்ல பன்றிக்கறி பன்னு. நல்லா வாசனையா. குப்பைல போட மனசு வரல (மேல சொன்னேனே, பேக்கரிக்காரன் பிள்ளை). "நீங்க போங்க சார், நான் வர்றேன்"னு சொல்லிட்டு ஒரு தெரு தள்ளிப் போயி மரத்தடில நின்னு அவுக் அவுக்னு தின்னு முடிச்சேன். தின்னுட்டு உடனே சாமி முன்னாடி நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு, வாசல்லயே ஒரு கும்பிடு போட்டுட்டு நேர கீழ கேன்டீனுக்கு போயிட்டேன். மசால் தோசை. அவரு கண்ணுல தண்ணி வராத குறையா தின்னாரு. எனக்கு வயித்துல இடமில்ல, ஆனாலும் தின்னேன். பக்கத்து மேசைல ஒரு சீனக் குடும்பம் தோசைய கையால பிச்சு சாம்பார்ல முக்கி சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அந்தப் பையன் சட்னிக்கு ரெண்டாவது தடவை எந்திரிச்சுப் போனான்.

நாள் 8, ஞாயிறு

கடைசி காலை. நேத்து ராத்திரியே கான்டனீஸ்ல நன்றி எப்படின்னு தேடி வச்சிருந்தேன், ம்கோய். கண்ணாடில பாத்து பத்து தடவை சொல்லிப் பாத்தேன். காக்டெய்ல் பன்னு ஆறு, பாதாம் பிஸ்கட் ஒரு டப்பா, அட்டைப்பெட்டில வச்சு நூலால குறுக்கும் நெடுக்கும் கட்டினாங்க, கத்திரிக்கோல் இல்லாம விரல்ல சுத்தி இழுத்தே அறுத்துட்டாங்க, அப்பாவும் அப்படித்தான் அறுப்பார். கறி ஐட்டம் எதுவும் எடுக்கல, ஏர்போர்ட்ல வம்பு.

மிச்சம் வாங்கினப்ப "ம்கோய்"னேன். அந்த அக்கா நிமிந்து பாத்தாங்க. என்னமோ நீளமா ஒரு வாக்கியம் கான்டனீஸ்ல கேட்டாங்க. நான் திருதிருன்னு முழிச்சேன். பின்னாடி உக்காந்திருந்த பாட்டிங்க ரெண்டு பேரு சிரிச்சாங்க, அக்கா தலைய ஆட்டிட்டு, "நெக்ஸ்ட்".

ஊருக்கு வந்தப்புறம், புதன்

ஆறுல மூணு வழிலயே காலி, அத கேக்காதீங்க. மிச்சம் மூண அப்பா முன்னாடி வச்சேன். மூணு நாள் பழசு. அவர் முதல்ல திங்கல, அமுக்கிப் பாத்தார், அடிய திருப்பி நிறம் பாத்தார், அப்புறம் பிச்சு தேங்காய மட்டும் நாக்குல வச்சார்.

"தேங்கா காஞ்ச தேங்கா. நம்ம தேங்கான்னா இன்னும் நல்லாருக்கும்." ஒரு கடி. "பன்னு கொள்ளாம்."

அம்மா ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. மூணாவத அப்பா நீளவாக்குல வெட்டி ஒரு தட்டுல பரத்தி, அடங்கின போர்மால ரஸ்க்கோட சேத்து வச்சுட்டார். நாளைக்கு கடைக்கு மாவு பிசையுறப்ப ஒரு கிலோல மட்டும் கப்பி காய்ச்சி ஊத்திப் பாக்கப் போறாராம், என்ன நாலு மணிக்கு எந்திரிச்சு வரச் சொல்லிருக்கார், ஜெட் லாக்ல எப்படியும் முழிச்சுட்டுதான இருப்பன்னு.